கையுறைப் பவுடரைக் கழுவும் தட்டைத் திரும்ப வைக்கக் கோரி

அனுப்புநர்:
கையுறை அறைப் பணியாளர்,
சலவைப் பிரிவு, கீழ்த்தளம்.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: வயிற்று அறுவையின்போது கையுறைப் பவுடர் உள்ளே விழாமல் தடுப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அறுவைக்குப் பயன்பட்ட ரப்பர் கையுறைகளைக் கழுவி, ஓட்டை பார்த்து, காயவைத்து, பவுடர் தூவி, சோடியாகக் கட்டி, கிருமி நீக்கும் ஆவிப்பெட்டிக்கு அனுப்புவது என் வேலை. பதினான்கு மாதங்களாகச் செய்கிறேன்.

2. முன்பு அறுவை அரங்கில், மருத்துவர்கள் மாட்டிய கையுறையின் பவுடரைக் கழுவிக்கொள்ள, கிருமி நீக்கிய தண்ணீர்த் தட்டு ஒன்று இருந்தது. தரை ஈரமாகி ஒரு செவிலியர் வழுக்கி விழுந்ததால் அதை எடுத்துவிட்டார்கள். அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. எடுத்தவர்கள் மீது எனக்குக் குறையில்லை.

3. அதே மாதம் தலைமைச் செவிலியர், “ஏம்மா, கை உள்ள போகவே மாட்டேங்குது, இன்னும் கொஞ்சம் தாராளமா போடேன்” என்றார். போட்டேன். அரங்கில் எனக்கு ‘மாவு மில்’ என்று பட்டப்பெயர் வந்தது. எனக்கும் அது பிடித்திருந்தது.

4. பிறகு என் அக்காவுக்கு இங்கே சினைப்பைக் கட்டியை எடுத்தார்கள். அறுவை முடிந்த ஐந்தாம் மாதம் வாந்தியும் வயிற்று உப்புசமுமாக வந்தாள். குடல் உள்தழும்போடு ஒட்டி மடங்கிக் கிடப்பதாக மருத்துவர் சொன்னார். வயிற்று அறுவைக்குப் பின் யாருக்கும் இப்படி ஆகலாம், காரணம் இதுதான் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். வரும் வியாழக்கிழமை மறுபடி திறந்து பிரிக்கப்போகிறார்கள். பிரித்த இடம் திரும்பவும் ஒட்டலாம்.

5. புதிய கையுறைப் பெட்டியில் வரும் தாளை அதன்பிறகுதான் படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள், மெதுவாகத்தான் படிப்பேன். பவுடரை முழுவதும் கழுவிய பின்பே அறுவை செய்ய வேண்டும், வயிற்றுக்குள் விழுந்தால் ஒட்டுத்தழும்பு உண்டாகலாம் என்று அதில் இருக்கிறது. அக்காவின் அறுவைக்குக் கையுறை கட்டியதும் நானே. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

6. பவுடரே போடாவிட்டால் இந்த ரப்பர் மாட்டும்போது கிழிந்துவிடும். அதனால் நானாக நிறுத்த முடியாது.

7. நேரில் சொல்ல மூன்று முறை தங்கள் அறை வாசல்வரை வந்தேன். பேச்சு வராததால் எழுதுகிறேன்.

பவுடர் இல்லாத கையுறை வாங்கும்வரை அந்தத் தட்டைத் திரும்ப வைக்க உத்தரவிட வேண்டுகிறேன். வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் விரிப்பு போடலாம். சலவைப் பிரிவில் இரண்டு சும்மா கிடக்கின்றன. தினமும் நானே கழுவித் தருகிறேன்.

வியாழக்கிழமைக்கான கையுறைகளை நாளை மதியம் நான்தான் கட்ட வேண்டும். அதற்குள் தங்கள் பதில் வந்தால் போதும்.

நாள்: செவ்வாய்க்கிழமை, காலை
இடம்: கையுறை அறை

பணிவுடன்,
(ஒப்பம்)
கையுறை அறைப் பணியாளர்