சாம்பலின் இரண்டு முட்டைகள்

3.2.89 வெள்ளி
காலையில் பனி. மூக்கடைப்பு. பட்டாபிராமில் 6.40 வண்டி போய்விட்டது.

பின் தெரு ஏகாம்பரம் டீக்கடையில் பிடித்துக்கொண்டான். "மாமே, என் பொட்டப் புறா முட்டை வச்சிகீது. டார்ச் அட்சி பாத்து சொல்லேன், கரு கீதா இல்லியான்னு."

அவன் பெட்டையாம்! போன மாதம் வழி தவறி அவன் மாடியில் இறங்கிய என் பந்தயப் புறா சாம்பல். விஜயவாடாவில் விட்டால் அன்றைக்கே கூண்டுக்கு வருகிறவள். வரவே இல்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான், படுபாவி. மாடியில் துணி உலர்த்தப் போன என் மனைவி விஜயாதான் பார்த்துச் சொன்னாள். றெக்கையை வெட்டி, கால் வளையத்தை அறுத்து வைத்திருக்கிறான். வளையம் போனால் எனக்கு அடையாளம் தெரியாதாம்.

வாங்க: கம்பு 2 கிலோ, டார்ச் பேட்டரி.

4.2 சனி
என் கறுப்பு ஜோடியின் முட்டைகளை டார்ச் அடித்துப் பார்த்தேன். நரம்பே இல்லை. இரண்டும் கூமுட்டை. ஆனாலும் அடை விடவில்லை, பாவம்.

யோசனை வந்தது. ஏ.யிடம் 'கூ' என்று சொல்வது. முட்டைகளை வாங்கிவந்து கறுப்புக்கு அடை வைப்பது. கூமுட்டை வைக்கும் பெட்டையைச் சும்மாவே தந்துவிடுவான்.

5.2 ஞாயிறு
ஜன்னலில் கோணி கட்டி இருட்டாக்கியிருந்தான். சாம்பல் என் விரலைக் கொத்தவில்லை. தெரிந்துகொண்டாள்.

டார்ச். இரண்டிலும் சிவப்பு நரம்பு, நடுவில் துடிக்கும் புள்ளி.

"கூ. ரெண்டுமே கூ" என்றேன்.

ஏ. முகம் தொங்கிவிட்டது. வயிறு குளிர்ந்தது எனக்கு. "குடு, நானே எறிஞ்சிடறேன்." கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில். கறுப்பு ஏற்றுக்கொண்டது.

உடனே பெட்டையைக் கேட்டால் சந்தேகம் வரும். ஒரு வாரம் போகட்டும்.

12.2 ஞாயிறு
மதியம் ஏ. மனைவி, கையில் எவர்சில்வர் கிண்ணம். "புறாக் கறிண்ணா. கூமுட்ட வைக்கிற பொட்டைக்கு இன்னாத்துக்கு தீனின்னு அறுத்துட்டாரு."

கத்தி அவனுடையது. வாய் என்னுடையது. நான்தான் கொன்றேன். அவனை விடமாட்டேன்.

பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்தேன்.

விஜயா: "கிண்ணத்த வெறுமனே தரக்கூடாது. இன்னா போட்டு தர்றது?"

இருக்கட்டும் என்றேன்.

17.2 வெள்ளி
விடியற்காலை இரண்டும் பொரித்துவிட்டன. மஞ்சள் பூமயிர், கண் திறக்கவில்லை. லீவு போட்டேன்.

கிண்ணத்தைத் தேய்த்துத் துடைத்தேன். நாலு பாதி ஓடு உள்ளே போட்டு நானே எடுத்துப் போனேன்.

"இன்னா மாமே இது?"

"நான் எறியறேன்னு வாங்கினு போன கூமுட்ட. ரெண்டு குஞ்சும் என் ஊட்லதான் கீது. அம்மாவதான் நீ துன்னுட்ட."