பொன்னாச்சி நாயின் குடி

வெல்லாவெளி
14.09.2024

அன்புள்ள மகள் நிருஷாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம், முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. தோஹாவில் வெயில் குறைந்ததா? இதைத் தொலைபேசியில் சொன்னால் நான் அழுவேன், நீ வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நம் நாய் வீரி செத்துப்போனாள். பதின்மூன்று வயது. பல்லெல்லாம் கொட்டிவிட்டது, கஞ்சி மட்டும்தான். அப்படியிருந்தும் வயல் வட்டைப் பக்கம் பன்றி உறுமினால் காதைத் தூக்குவாள். பொன்னாச்சி நாய் என்று சொல்ல இனி எங்கும் ஒன்றுமில்லை.

போன மாதம் தனோஜன் என்று பல்கலைக்கழகத்துப் பிள்ளை ஒருவன் இந்த நாய்களைப் பற்றி எழுத வந்தான். பொன் நிறம் என்பதால் வந்த பெயரோ என்று கேட்டான். இல்லை தம்பி, பொன்னாச்சி என் அம்மாவின் அம்மம்மா என்றேன். அவவைக் கட்டின வேட்டைக்காரரிடம் இரண்டு பெட்டை நாய்கள் இருந்தன. ஒன்றைச் சித்தாண்டியில் தன் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, மற்றதோடு பொன்னாச்சி வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார். வீடும் வளவும் பெண்ணுடையது என்றால் நாயும் அவளுடையதுதானே? இங்கே பிறந்த குட்டி பொன்னாச்சியின் குடி, அங்கே பிறந்தது அந்தத் தங்கச்சியின் குடி. மனிதரைப் போலவே நாயையும் ஒரே தாய்வழிக் குடிக்குள் சோடி சேர்க்கமாட்டோம் என்றேன். "நாய்க்கும் குடியா அம்மா?" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்தாண்டி நாய்கள் சண்டைக்காலத்து இடப்பெயர்வோடு குறைந்து, வீரியின் தகப்பன் நாயோடு அழிந்தன. மிஞ்சியது நம் வீரியும் உதயரூபனின் கடுவன் நாயும். சேர்த்துவிடுவோம் என்று அவன் இரண்டு தரம் வந்து கேட்டான். இரண்டும் ஒரே குடி, அண்ணன் தங்கச்சி மாதிரி, சரிவராது என்று திருப்பி அனுப்பினேன். அதற்கு நாலு வருடம் முந்தி, உன்னைப் பெண் கேட்டு அவன் அம்மா வந்தபோதும் இதையேதான் சொன்னேன். உங்கள் இரண்டு பேருக்கும் இரத்த உறவு ஒன்றும் கிடையாது, குடிப் பெயர்தான் ஒன்று. தெரு நாயோடும் வீரியைக் கலக்க விடவில்லை. அவன் நாய் போன மாசியில் செத்தது. காத்துக் காத்தே இல்லாமல் ஆக்கிவிட்டேன்.

உனக்கும் முப்பத்தொன்பது ஆகிறது. குடி பெண் வழியாகத்தான் போகும், எனக்கு நீ ஒருத்திதான். குடியைக் காக்கிறேன் என்று உன்னை மறித்தேன். இப்போது அது உன்னோடு முடியப் பார்க்கிறது. உன் அப்பா, பாவம், சம்மதம் சொல்லத்தான் இருந்தார். நான்தான் விடவில்லை. இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பிழை முழுக்க என்னுடையது மகள்.

வீரியைப் புதைக்க உதயரூபன் கேட்காமலே மண்வெட்டியோடு வந்தான். இன்னும் கல்யாணம் கட்டவில்லை, தலை பாதி நரைத்துவிட்டது. மருத மரத்தடியில் ஆழமாகக் குழி வெட்டினான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகம் கழுவிவிட்டு, "அப்ப வாறன் பெரியம்மா" என்றான். ஒரே குடி என்பதால் சின்ன வயதிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவான். அன்று அது என்னைச் சுட்டது. இனி மாமி என்று கூப்பிடு தம்பி என்றேன். மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்தான். பிறகு, "அத அவ சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தைப்பொங்கலுக்கு லீவு கேட்டு வா மகள். என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டுப் போ. எந்தப் பதிலானாலும் இந்த முறை நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

சித்தாண்டி முருகன் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
அன்னப்பூரணி