மூன்று திரையில் ஒரு வழித்தடம்

மூன்று மானிட்டர்களையும் உன் கம்பளிகளில் சுற்றித்தான் ஜீப்பில் ஏற்றினேன். இன்று மாலை கடைக்குத் திரும்பி அவிழ்த்தபோது, விறகுப் புகையும் ஈரமும் கலந்த உங்கள் வீட்டு வாசனை என் ஜெராக்ஸ் கடை முழுக்க நிரம்பிவிட்டது. ஷட்டரை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு எரிச்சல் வந்தது. இத்தனை பாடுபட்டவள் நீ, இன்று நடந்ததைக் கேட்க நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் ஊரிலிருந்து இடுகாட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை எஸ்டேட்காரர்கள் கேட் போட்டு அடைத்த வருடம்தான், சேலத்தில் பிளான் வரைந்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நீ ஊரோடு வந்தாய். அங்கே பாதையே இருந்ததில்லை என்று அவர்கள் தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இருந்ததை வரைந்து காட்டுகிறேன் என்று என் கடைக்குள் நுழைந்தாய். அப்போது இருந்தது ஒரே ஒரு திரை. பழைய நிலப்படத்தைப் பார்ப்பாய், மூடுவாய், செயற்கைக்கோள் படத்தைத் திறப்பாய், அதையும் மூடிவிட்டு நினைவிலிருந்து கோடு இழுப்பாய். தூக்கிப் போகிறவர்கள் தோள் மாற்றுவதற்காகப் பாடையை இறக்கிவைக்கும் பாறைவரை கோடு ஒழுங்காக வந்தது. அதற்கப்புறம் ஓடைக்கு அந்தப் பக்கம் தாவிவிட்டது. அதை வைத்து நீ கொடுத்த மனு தள்ளுபடியானது.

தப்பு எங்கே என்று உனக்கு உடனே தெரிந்துவிட்டது. உங்கள் ஊர் வழக்கப்படி பெண்கள், நீயானாலும் நானானாலும், அந்தப் பாறையோடு திரும்பிவிட வேண்டும். அங்கேயே பிறந்து வளர்ந்தும் பாறைக்கு அப்பால் நீ ஓர் அடி வைத்ததில்லை. "நடக்காத வழிய ஆம்பளைங்க சொன்னத வெச்சு வரைஞ்சா இப்படித்தான் ஆகும் புள்ள" என்றாய். மறுநாளே கேட்டை ஏறிக் குதித்து இடுகாடுவரை நடந்துவிட்டு வந்தாய். சேலையெல்லாம் முள் கிழித்து, ராணி மாதிரி என் கடை வாசலில் நின்றாய். ஊர்ப் பெரியவர்கள் ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. "நொம்ப நல்லதாப் போச்சு, வேலையாவது நடக்கும்" என்றாய்.

"இனி மூணையும் ஒரே பார்வையில பாக்கோணும்" என்று பழைய மானிட்டர் இரண்டு வாங்கி வந்தாய். என்னிடம் இருந்ததோ சாப்பாட்டு டப்பா அளவு கம்ப்யூட்டர். திரையை மாட்ட அதில் இரண்டே ஓட்டைகள். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சாமான் ஒன்றை வாங்கினோம், இரண்டு திரையிலும் ஒரே படம் வந்தது. அடுத்து வாங்கிய வயர் முன்பக்கத்து டைப்-சி ஓட்டையில் கச்சிதமாகப் பொருந்தியது, திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. படத்தைக் கடத்துகிற வயர் வேறு என்று தெரிந்துகொள்ள நீ மூன்று தடவை சேலத்துக்கு பஸ் ஏறினாய். கடைசியில் மூன்று திரையிலும் படம் வந்தது. ஆனால் மவுஸை இடதுபக்கம் தள்ளினால் அம்பு வலக்கோடித் திரையில் எட்டிப் பார்த்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். "எந்தத் திரை எங்க நிக்குதுன்னு பொட்டிக்கு எப்படித் தெரியும்? நாமதான் சொல்லிக் குடுக்கோணும்" என்று செட்டிங்ஸில் திரைக்கு ஒன்றாக இருந்த மூன்று கட்டங்களையும் இழுத்து வரிசையாக வைத்தாய்.

படத்தை முடித்தாய். கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் மஞ்சள் காமாலை உன்னை எடுத்துக்கொண்டது. கேட்டைத் திறக்கச் சொல்லி உன் தம்பி காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். திறக்கவில்லை. உன்னை வேனில் போட்டு, தார் ரோட்டில் மலையைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். வளைவுகளில் நீ உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் மூட்டை வைத்தார்கள். அதை நான் பார்த்தேன். அதற்காக எஸ்டேட்காரர்களை நான் மன்னிக்கப் போவதில்லை.

நாங்கள் மறுபடி கொடுத்த மனுவுக்கு இன்றைக்கு விசாரணை. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் போதாதா என்று எல்லோரும் கேட்டார்கள். போதாது என்றேன். நீ பார்த்த மாதிரியே அவர்களும் பார்க்கட்டும் என்று கம்ப்யூட்டர் பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, திரைகளை ஜீப்பில் ஏற்றி, தாலுகா ஆபீஸ் அதிகாரியின் மேசைமேல் வரிசையாக நிறுத்தினேன். அவசரத்தில் வயர்களை மாற்றிச் செருகிவிட்டேன். படங்கள் இடம் மாறி வந்தன, அம்பு கண்ட பக்கம் ஓடியது. எஸ்டேட் தரப்பில் வந்திருந்த கணக்கெழுதும் ரைட்டர் சிரித்தார். "ஏனுங்க, சினிமா எப்பங்க ஆரம்பிக்கும்?"

நீ சொல்லிக் கொடுத்தபடி மூன்று கட்டங்களையும் தேடிப்பிடித்து, இடம் பார்த்து இழுத்து வைத்தேன். "ஆரம்பிச்சிருச்சுங்க, பாருங்க" என்றேன்.

இடதுபக்கம் பழைய நிலப்படத்தின் புள்ளிக்கோடு, வலதுபக்கம் செயற்கைக்கோள் படத்தில் சவுக்கு மரங்களுக்கு நடுவே அதே வளைவு, நடுவில் நீ நடந்து வரைந்த கோடு. அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். பாறையை ஒவ்வொரு திரையிலும் விரல் வைத்துத் தொட்டார்.

"அந்த வழியில இப்ப யாருங்க நடக்கிறாங்க?" என்றார் ரைட்டர்.

"கேட்டப் பூட்டிட்டு இப்படிக் கேக்கறீங்களே, நாயமுங்களா?" என்றேன். உன்னைப் போலவே கத்தினேன் போலிருக்கிறது.

வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக அதிகாரி எழுதியிருக்கிறார். இது தீர்ப்பு இல்லை, எனக்கும் தெரியும். இழுத்தடிப்பார்கள், இன்னொரு தேதி கொடுப்பார்கள். கொடுக்கட்டும். அத்தனை தேதிக்கும் இந்த மூன்று திரையும் ஜீப்பில் வரும்.

திரும்பும்போது பக்கத்தில் உன் அம்மா உட்கார்ந்திருந்தார். மஞ்சக்குட்டை ஊரைத் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னையும் வேன்லதான் போடுவீங்களா சாமி?"

"இல்லீங்கம்மா. பாதை வழியா, தோள்லதானுங்க."

"ஆம்பளைங்க பாதிப் பேரு திருப்பூருல கெடக்கறாங்களே, தூக்கறதுக்கு ஆளேது?"

"ஒரு தோளு என்னுதுங்க" என்றேன்.