காதறுந்தாளின் குட்டிகள்

ஜூன் 11
புல்லெல்லாம் காய்ந்து படுத்துவிட்டது. இங்கே ஜூன் குளிர்காலம், குருடனுக்கும் விலங்கு தெரியும் மாதம். காலையில் சிங்கங்கள் ஓர் எருமையைப் பின்பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கின. அது உயிரோடு கத்திக்கொண்டிருந்தது. நான் காடு சுற்றிக்காட்ட அழைத்துப்போன விருந்தினரில் பின்சீட்டு அம்மாள் போர்வைக்குள் சுடுநீர்ப் பையைக் கட்டிக்கொண்டு, “சீக்கிரம் முடிச்சிடாதா?” என்றாள். சிங்கத்துக்கு என்ன அவசரம்?

ஜூன் 14
விருந்தினரை விடுதியில் இறக்கிவிட்டு, ரோட்டில் யானை மரம் தள்ளியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். வறண்ட ஆற்றுப் பாறைகளுக்கு நடுவே காதறுந்தாள். என் சிறுத்தை. வாயில் ஒரு குட்டி, காலடியில் இன்னொன்று. கண்கூடத் திறக்கவில்லை.

பார்த்ததை உடனே ரேடியோவில் சொல்லவேண்டும். எங்கள் வழிகாட்டிகளுக்குள் சொல்லாதவள் திருடி. சொன்னால் எல்லா வண்டியும் வந்து நிற்கும். வண்டி நின்றால் அங்கே இறைச்சி என்று கழுதைப்புலிகள் கற்றுவைத்திருக்கின்றன. திருடியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஜூன் 19
இன்றும் ஆற்றுப்பக்கம் போகவில்லை.

ஜூன் 23
விடுதி மேலாளர் ரெட்டிஃப் சார் எல்லோரையும் நிற்கவைத்துத் திட்டினார். “பக்கத்துக் காட்டுல சிங்கக்குட்டி காட்டுறாங்க. நாம என்னத்தக் காட்டுறோம்? வரிக்குதிரை முதுகா?” வொனானி என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனும் வழிகாட்டிதான். என்னைவிட மூத்தவன், மோப்பக்காரன்.

ஜூன் 26
ரேடியோவில் வொனானியின் குரல்: “ஆத்துப் பாறை, ரெண்டு குட்டி, வாங்க வாங்க!”

சாயங்காலம் அவன் சட்டையைப் பிடித்தேன். “யார் சொன்னா?”

“உன் டயர்தான் சொல்லுச்சு, தங்கச்சி. எல்லா மண்ரோட்டுலயும் உன் தடம் கெடக்கு, இந்த ஒண்ணுல மட்டும் இல்ல. காதறுந்தா சுத்துற ரோட்டுல ருலானி போகாம இருப்பாளா?”

பிறந்ததிலிருந்து மண்ணைப் படிக்கிற ஊர்க்காரி நான். தடம் இல்லாததையும் ஒருவன் படிப்பான் என்று தோன்றவில்லையே! என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

ஜூன் 27
வரிசையாக வண்டிகள். என் வண்டியும்தான். வராதீர்கள் என்று விருந்தினரிடம் சொல்ல முடியுமா? காதறுந்தாள் பாட்டுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்களை மதிக்கவே இல்லை. வண்டிக்குப் பயப்படாதே என்று வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கியவள் யார்? நான்.

ரோட்டை மூடச் சொல்லி ரெட்டிஃப் சாரிடம் கெஞ்சினேன். “இந்தக் கூட்டம் ஊருக்குப் போகட்டும், அப்புறம் மூடலாம்” என்றார்.

ஜூன் 29
எங்கள் டயர் தடத்தின் மேலேயே கழுதைப்புலிகளின் காலடிகள். முள் குத்தாத நல்ல பாதை, நாங்கள் போட்டுக்கொடுத்தது.

ஒரு குட்டி இல்லவே இல்லை. இன்னொன்றில் பாதி கிடந்தது. காதறுந்தாள் அதை வெகுநேரம் நக்கினாள். பிறகு தின்றாள். கேமராக்கள் நிற்கவே இல்லை. என் பின்சீட்டில் ஓர் அம்மாள் அழுதுகொண்டே படம் எடுத்தாள்.

“இயற்கைன்னு சொல்லிடு” என்று ரெட்டிஃப் சார் ரேடியோவில் சொன்னார். சொன்னேன். வாய் கூசவில்லை. இப்போது கூசுகிறது... என்ன பிரயோசனம்?

ஜூலை 2
ரோட்டை மூடிவிட்டார்கள். புதுப் பலகை, அழகான எழுத்து.

ஜூலை 20
மரூலா மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். காதறுந்தாள் எங்கிருந்தோ வந்து வண்டி நிழலில் படுத்தாள். எப்போதும்போல. விருந்தினருக்கு ஒரே குதூகலம். அடிப்பாவி, உனக்குப் புத்தியே வராதா?

ஜூலை 23
தனியாகப் போனேன். அவள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள். எஞ்சினை உறுமவிட்டேன், ஹாரனை அழுத்தினேன். காதை மட்டும் அசைத்தாள். கல்லை எடுத்தேன். முதல் கல் பக்கத்தில் விழுந்தது. முகர்ந்து பார்த்தாள். அடுத்தது விலாவில் பட்டது. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத மாட்டேன். ஓடும்வரை எறிந்தேன்.

ஜூலை 24
இன்றும்.

ஜூலை 25
இன்றும். ரத்தம் வந்தது.

ஆகஸ்ட் 16
சாப்பாட்டு மேசையில் வொனானி சோளக்களியை உருட்டிக்கொண்டே, “காதறுந்தாவுக்கு என்ன கேடு? வண்டிச் சத்தம் கேட்டாலே பறக்குறா” என்றான்.

“எனக்கென்ன தெரியும்?” என்றேன்.

ஆகஸ்ட் 30
முதல் மழைமேகம். இந்த மாதம் முழுக்கக் காதறுந்தாளை யாரும் கிட்டத்தில் பார்க்கவில்லை. நானும்தான்.