கொண்டைக்குக் கீழே ஓர் உண்ணி

ஸ்காபரோ,
ஜூலை 14

அன்புள்ள மகள் நதீஷாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம், முழங்கால் மட்டும் என் சொல் கேட்பதில்லை, ஹலிபாக்ஸில் நீயும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். ஒரு விடயத்தை முப்பது நாளாக உனக்கு மறைத்தேன், ரெலிபோனில் சொன்னால் கத்துவாய் என்றுதான் எழுதுகிறேன். போன மாதம் எங்கள் கோயில் முதியோர் சங்கத்தோடு றூஜ் காட்டுக்கு நடக்கப் போனேன். அங்கே லைம் நோயைக் கொண்டுவரும் உண்ணி இருக்கிறது என்று வாசித்திருந்தபடியால் பஸ் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பார்த்துத்தான் இறங்கவிட்டேன். வெளிர் நிற உடுப்பு, காற்சட்டை நுனி சொக்ஸுக்குள், அதற்கு மேல் பூச்சி மருந்து. என் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளியிருக்கும் றீற்றாவை மூன்று தரம் திருப்பி அனுப்பினேன். நான் கொன்வென்றில் படித்தவள் என்பதால் அவள் எனக்கு வைத்திருக்கும் பெயர் மதர். மதருக்குப் பிரம்பு ஒண்டுதான் குறை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

பாதி வழியில் முழங்கால் மறுத்துவிட்டது. அதைச் சொல்ல மனமில்லாமல், குருவி பார்க்கிறேன் என்று பாதையை விட்டு விலகி, புல்லுக்குள் விழுந்து கிடந்த மரத்தில் சாய்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து குளித்து, கண்ணாடி முன் நின்று பார்க்கக்கூடிய இடமெல்லாம் பார்த்தேன். கொண்டைக்குக் கீழே கை வைத்தால் எள்ளுப்போல ஒன்று, தட்டியும் விழவில்லை. தனியாக இருப்பவள் தன் பிடரியை எப்படிப் பார்ப்பது, உன் அப்பா இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன். கால் மணித்தியாலம் யோசித்துவிட்டு, புருவம் பிடுங்கும் சாவணத்தோடு றீற்றாவின் கதவைத் தட்டினேன். அவள் ஆறுதலாகக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, உண்ணியாரை நீங்கள் பஸ் வாசலில மறிக்கேல்லையோ மதர் என்று கேட்டாள். எண்ணெய் பூசுவம் என்றவளைத் தடுத்து, தோலோடு ஒட்டப் பிடித்து, முறுக்காமல் நேரே இழு என்று கட்டளையிட்டேன், தலையைக் குனிந்துகொண்டு கட்டளையிடுவது லேசான வேலையில்லை. முழுதாக வந்தது. கடித்துச் சில மணித்தியாலம்தான், மருந்து தேவையில்லை, காய்ச்சலோ சிவந்த வட்டமோ வருகிறதா என்று ஒரு மாதம் பாருங்கள் என்று பாமசியில் சொன்னார்கள். றீற்றா தினமும் காலையில் வந்து பிடரியைப் பார்த்தாள். நேற்றோடு மாதம் முடிந்தது, ஒன்றும் இல்லை. இன்றைக்கும் வந்தாள், நானும் கொண்டையைத் தூக்கிக் காட்டினேன்.

இனி உன் கதை. காட்டுப் பாதையில் தனியப் போனனான் அம்மா என்று படம் அனுப்பினாய். கட்டைக் காற்சட்டை, புல் முழங்கால் உயரம், அதற்காக உன்னைப் பிறகு ஏசுவேன். படத்தின் ஓரத்தை வெட்டியிருக்கிறாய், ஆனால் உன் தையலைப் போலவே கவனமில்லாத வெட்டு, ஒரு கால் மிஞ்சியிருக்கிறது. பெரிய சப்பாத்து, வெள்ளைச் சொக்ஸ், காற்சட்டை நுனி மடிப்புக் குலையாமல் அதற்குள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஒரு குறையும் பிடிக்க முடியவில்லை. உனக்கும் பிடரி பார்க்க ஓர் ஆள் வேண்டும் பிள்ளை, அது என் அனுபவம்.

மாதா உன்னைக் காக்க வேண்டும் என்று செபமாலை சொல்கிறேன், ஒரு மணி அந்தக் காலுக்கும் சேர்த்து. மறக்காமல் அதன் சொந்தக்காரரின் பெயரை எழுதவும்.

என்றும் உன் அம்மா,
மக்டலீன்