ஏழாம் பாட்டின் ஓம்

மார்ச் 3, திங்கள்

புரூஃப் வந்துவிட்டது. எடித் மோஃபற்றின் பியானோப் பாட்டுகள், ஆய்வுப் பதிப்பு. பதிப்பாசிரியர்கள் பேர்ணடெற், அடுத்து நான். என் பெயர் அச்சில்! எடித் அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பியானோ படிப்பித்த கனடாப் பெண். அங்கே கேட்ட நாட்டார் மெட்டுகளை வைத்து எழுதியவை இவை. வெள்ளி அச்சுக்குப் போகிறது.

பேர்ணடெற்றின் முன்னுரை முழுக்க ஏழாம் பாட்டுத்தான். சுரங்களுக்கு மேலே ஆங்கில எழுத்தில் ‘ஓம்’ என்று எடித் எழுதியிருக்கிறார். கடைசிச் சுரத்தின் மேல் ‘அவன்’ என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல். ஆகவே இது பிரார்த்தனையாம், மிக மெதுவாக வாசிக்கவேண்டுமாம். நானும் தலையாட்டியிருந்தேன்.

மார்ச் 4

மாலை ஏழாம் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தேன். குசினியில் என் கணவன் நிதுசன் யாருடனோ போனில். “ஓம்... ஓம்... வாறன்.” அந்த இரண்டு ஓமும் என் விரலுக்குக் கீழிருந்த இரண்டு சுரங்களில் அப்படியே வந்து விழுந்தன.

ஐயோ, நான் என்ன விசரியே? ஊர் விட்டு வெக்ஸ்போர்ட்டுக்கு வந்தும், ஆமாம் எண்டதுக்கு ஒரு நாளைக்கு நூறு தரம் ஓம் சொல்லுறன். ஆங்கில எழுத்தில கண்டவுடனே கும்பிட்டிட்டன்!

மெட்டு மேலே ஏறிக் கேட்கிறது. ஓம் இறங்கிப் பதில் சொல்கிறது. வேகமாக வாசித்தேன் – பாட்டு துள்ளியது. நிதுசன் எட்டிப் பார்த்து, “உது என்ன, கலியாணவீட்டுப் பாட்டோ?” என்றான்.

மார்ச் 5

பேர்ணடெற் ஒத்துக்கொள்ளவில்லை. காதுக்குப் பட்டது ஆதாரமாகாதாம். கையெழுத்துப் பிரதியில் நான் காட்டவேண்டுமாம். நியாயம்தான். ஆனாலும் கோபம் வந்தது.

மார்ச் 6

பிடித்துவிட்டேன்!

கையெழுத்துப் பிரதியில் ஒவ்வொரு ஓமுக்கும், கடைசிச் சொல்லுக்கும் முன்னால் பென்சிலில் ஒரு கேள்விக்குறி. சுரத்தில் எடித்துக்குச் சந்தேகம் என்று நாங்களே அடிக்குறிப்புப் போட்டிருந்தோம். சந்தேகமாவது! அது கேள்வி. பிறகு அந்த லத்தீன் சொல்லை வாய்விட்டு எழுத்துக்கூட்டினேன். ஐ, எல், எல், ஈ. இல்லெ.

ஒருத்தன் கேட்கக் கேட்க ஓம், ஓம் என்றவள், கடைசிக் கேள்விக்கு இல்லை என்கிறாள். பகிடிப் பாட்டு! சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. படம் பிடித்து பேர்ணடெற்றுக்கு அனுப்பினேன்.

மார்ச் 7, வெள்ளி

காலையில் மின்னஞ்சல். பேர்ணடெற் முன்னுரையைத் திரும்ப எழுதிவிட்டார். கடைசியில் எனக்குச் சில கேள்விகள். வேகத்தை மாற்றிவிடலாமா? ஓம். அடிக்குறிப்பை எடுத்துவிடலாமா? ஓம். பிரார்த்தனை பற்றிய தன் பழைய பத்தியைப் பின்னிணைப்பாகவாவது வைத்துக்கொள்ளலாமா?

ஐ, எல், எல், ஈ என்று தட்டி அனுப்பினேன்.

பின்னிணைப்பு இல்லாமலே மத்தியானம் அச்சுக்குப் போயிற்று.