மீட்டருக்குப் போட்ட பட்டை

வயிரவன் அப்பச்சிக்கு,

நான் குன்றக்குடி கோயிலுக்குப் போகிறேன். இட்லியை மூடி வைத்திருக்கிறேன்.

ஆயுத பூசையன்று கரண்டு மீட்டர் கண்ணாடியில், எண் தெரிகிற இடமாகப் பார்த்துச் சந்தனப் பட்டை போட்டீர்கள். நேற்றுக் கணக்கெடுக்க வந்தவர், “எண்ணே தெரியலை ஆச்சி, துடைச்சு விடுங்க” என்று என்னிடம் கெஞ்சினார். நீங்களோ, “சாமிக்கு வச்சதைத் துடைக்கப்படாது. கீழ சக்கரம் சுத்துறது தெரியுதுல்ல, பாத்துக்க” என்று அனுப்பிவிட்டீர்கள். சக்கரம், கரண்டு ஓடுகிறது என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு ஓடியது என்பதை எண்தானே சொல்ல வேண்டும்?

பாவம், இன்றும் வருவார். காய்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.

உங்கள் மனைவி தேனம்மை

பி.கு.: இந்த எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிகிறதா? உங்கள் மூக்குக்கண்ணாடிக்கும் பட்டை போட்டிருக்கிறேன். சாமிக்கு வச்சது, துடைச்சிராதீக!